பகலில் ஆள் இருக்க வேண்டிய கிளி

எங்கள் மாடியில் எல்லாரும் அவளை டோக்கன் என்றுதான் கூப்பிடுவோம். பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் முன்மேசையில் உட்கார்ந்து, மகள் பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷத்திலிருந்து டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தவள். வாய் வீங்கி வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, யார் எதிரே வந்தாலும் முதலில் தாடையைப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு உண்டு. எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். நான் வீட்டிலேயே மெஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைக்கிறவள். பகலெல்லாம் வீட்டில்தான் கிடப்பேன். அந்தச் சுவரும் பேருக்குத்தான் சுவர். அங்கே கரண்டி விழுந்தால் இங்கே நான் குனிவேன். ஆகையால் நான் சொல்லப்போவதில் பாதி அவள் சொன்னது, மீதி சுவர் சொன்னது.

நாற்பதைத் தாண்டிய பிறகு அவளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. கணிதம். பகல் வகுப்பு. படிப்பை விட்டவர்களுக்கென்று கொஞ்சம் இடம் ஒதுக்கி, அதற்கொரு தேர்வும் வைத்திருந்தார்கள். இவள் யாரிடமும் மூச்சு விடாமல் போய் எழுதிவிட்டு வந்தாள். இடம் கிடைத்த செய்தி போனில் வந்த அன்று என் வீட்டுக்கு ஓடி வந்து, நான் வெட்டி வைத்திருந்த காலர் துணிகள் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"கணக்கா? ஏன்டீ கணக்கு?" என்று கேட்டேன்.

கிளினிக்கில் காலையில் முதல் ஆள் கொஞ்சம் தாமதமாக வந்தால் போதுமாம், மத்தியானத்துக்குள் கூடம் நிரம்பிவிடுமாம். நடுவில் வந்தவர்கள் எல்லாரும் நேரத்துக்குத்தானே வந்தார்கள், பிறகு எப்படி என்று அவளுக்கு வருஷக்கணக்காக ஒரு உறுத்தல். டாக்டரைக் கேட்டால், "உனக்கு வேற வேலை இல்லையா?" என்பாராம். கடைசியில் வரிசையில் காத்திருப்பதற்கென்றே கணக்கில் ஒரு பாடம் இருக்கிறது என்று எங்கேயோ படித்துவிட்டாள். "இதுக்கு ஒரு படிப்பே இருக்குக்கா! நான் என்னமோ எனக்குத்தான் மூளை கோளாறுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள். அவள் முகம் அவ்வளவு மலர்ந்து நான் பார்த்ததே இல்லை.

அந்த மலர்ச்சி ரொம்ப நாள் நிற்கவில்லை.

அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். தங்கமான மனிதர். குரல் உயர்த்த மாட்டார். இத்தனை வருஷத்தில் அந்தச் சுவர் வழியாக ஒரு அதட்டல் நான் கேட்டதில்லை. அதுதான் அவளுக்குத் தொல்லை. அவர் வேண்டாம் என்று சொல்லமாட்டார். வேண்டும் என்றும் சொல்லமாட்டார். எதைக் கேட்டாலும் "உன் இஷ்டம்" என்பார். கல்லூரிக்கும் அதையேதான் சொன்னார். அதைச் சொன்ன விதம், அடைத்த குழாயைத் திறந்தால் வருமே ஒரு சத்தம், அப்படி இருந்தது என்றாள்.

பிறகு ஒரு சாயங்காலம், டீயைக் கையில் வைத்துக்கொண்டு, "கிளி வளர்க்கலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

டோக்கனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கிளி வளர்க்க வேண்டும் என்பது அவள் சின்ன வயதிலிருந்து வைத்திருந்த ஆசை. கல்யாணமான புதிதில் கேட்டிருக்கிறாள். "வீடு என்ன பறவைப் பண்ணையா?" என்றுவிட்டார். மகள் பிறந்தபின் ஒருமுறை கேட்டாள். "குழந்தை இருக்கிற வீட்ல எதுக்கு?" என்றார். மகள் வளர்ந்து கேட்டபோது, "பரீட்சை நேரத்துல எதுக்கு?" என்றார். இப்போது மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டாள். இவள் கல்லூரிக்குப் போக ஒரு மாதம்தான் இருக்கிறது. இப்போது கிளி!

"எங்க பழைய சூப்பர்வைசர் வெளிநாட்ல இருக்கிற தன் பையன்கிட்ட போய் நிரந்தரமா இருக்கப் போறாரு. விமானத்துல கிளியைக் கொண்டுபோக முடியாதாம். நல்ல வீடா பாக்குறாரு. நீ ஆசைப்பட்டியேன்னு உன் ஞாபகம் வந்துச்சு."

"நெஜமாவா? என் ஞாபகம் வந்துச்சா?"

"ஆமா. ஒண்ணே ஒண்ணு, பகல்ல வீட்ல ஆள் இருக்கணுமாம்."

அதை அவர் சொன்னபோது டம்ளரைப் பார்த்துச் சொன்னாராம்.

மறுநாள் காலையில் அவள் என்னிடம் வந்து இதை அப்படியே சொன்னாள். "பகல்ல ஆள் இருக்கணுமாம்க்கா. பகல்ல நான் எங்க இருப்பேன்? காலேஜ்ல இருப்பேன். இது அவருக்குத் தெரியாதா? தெரிஞ்சு சொல்றாரா, தெரியாம சொல்றாரா? அதுகூட எனக்குப் புரியலையே!"

"நேரா கேட்டுட வேண்டியதுதானே?"

"கேட்டேன். உன் இஷ்டம்ங்கிறாரு."

செய்தி பரவியதும் ஆளுக்கு ஒரு புத்திமதி கொண்டு வந்தார்கள். முதலில் நாத்தனார் வந்தாள், வீட்டுக்காரரின் தங்கை. பக்கத்துத் தெருதான். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள். "அண்ணி, எனக்குத் தெரியும். பொண்ணு போனதுலேர்ந்து வீடு வெறிச்சுன்னு ஆயிடுச்சு. அதான் உங்களுக்குக் காலேஜ் அது இதுன்னு மனசு அலையுது. ஒரு கிளி வந்துச்சுன்னா எல்லாம் சரியாயிடும், பாருங்க."

"மனசு அலையல. எனக்குக் கணக்குப் படிக்கணும்."

"அதான் சொல்றேன் அண்ணி. தனிமை."

"கணக்குங்கிறேன்."

"புரியுது அண்ணி. பாவம்."

சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கே கத்தரிக்கோலை வீசி எறியலாம் போல இருந்தது. கிளிப்பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னாலும் நாத்தனார் காதில் தனிமை என்றுதான் விழும்.

மகளுக்குப் போன் போட்டாள். "ஐயோ கிளியாம்மா? சூப்பர்! உடனே எடு! போட்டோ அனுப்பு!" என்றது மகள். "காலேஜ் இருக்கேடீ" என்றதற்கு, "அதெல்லாம் சமாளிச்சுக்கலாம்மா. எனக்கு மீட்டிங், வச்சிடறேன்" என்று வைத்துவிட்டது. காலேஜுக்காக அவள் வேலையை விட்டிருந்த கிளினிக்கில் டாக்டர், பறவை இறகுத் தூசி நுரையீரலுக்கு ஆகாது என்று பயமுறுத்திவிட்டு, அதே மூச்சில், "கிளியெல்லாம் வளர்த்தா வீட்டோட இருப்பீங்க. அப்போ காலையில இங்கயும் கொஞ்சம் வந்து பாத்துக்கலாம்ல?" என்றாராம். அவருக்கு அவர் கவலை. அவள் இடத்துக்கு வந்த புதுப்பெண் டோக்கனை மாற்றிக் கொடுத்து, பல் கட்ட வந்தவரைப் பிடுங்குகிற நாற்காலியில் உட்கார வைத்துவிட்டாளாம்.

ஒருவராவது, உனக்கு எது வேண்டும் என்று கேட்கவில்லை. இத்தனைக்கும் கேட்டிருந்தால் அவளுக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்காது. ஏனென்றால் அவளுக்கு இரண்டும் வேண்டும். காலேஜும் வேண்டும், கிளியும் வேண்டும். பிடிக்காததைக் கொடுத்துத் தடுத்திருந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் போயிருப்பாள். பிடித்ததையல்லவா கொண்டுவந்து நீட்டினார்கள்!

ஒரு நாள் என்னிடமே நேராகக் கேட்டாள். நான் மடிப்பு வைத்துக்கொண்டிருந்தேன். வாயில் குண்டூசி. "நீங்க சொல்லுங்கக்கா. எடுக்கவா, வேண்டாமா?"

குண்டூசியை எடுத்துவிட்டு, "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன்.

"நீங்களுமா!" என்று அவள் கத்திய கத்தலில் கீழ்வீட்டுக்காரர் மேலே எட்டிப் பார்த்தார். "என் இஷ்டம் என் இஷ்டம்னு ஆளாளுக்குச் சொல்றீங்களே, என் இஷ்டப்படி ஏதாவது நடக்குதா? எல்லாரும் கையைக் கழுவிட்டுப் போறதுக்கு என் இஷ்டம்தான் கெடச்சுதா?"

நான் குண்டூசியைத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டேன்.

பார்த்துவிட்டாவது வருவோம் என்று இருவரும் சூப்பர்வைசர் வீட்டுக்குப் போனார்கள். பச்சைக்கிளி என்றுதான் டோக்கன் நினைத்துக்கொண்டு போயிருக்கிறாள். அது சாம்பல் நிறம், வால் மட்டும் ரத்தச் சிவப்பு. கோழிக்குஞ்சு வியாபாரி மாதிரி ஒரு பார்வை. பேர் சார். "ஆயுசு முழுக்க எல்லாரையும் சார் சார்னு கூப்பிட்டாச்சு. வீட்லயும் ஒரு சார் இருக்கட்டும்னு வச்சேன்" என்றாராம் சூப்பர்வைசர். வீட்டில் தனியாள். பேச்சுத் துணை அது ஒன்றுதான். ஓய்வு பெற்றதிலிருந்து பகலெல்லாம் அதோடுதான் இருந்திருக்கிறார். நாற்பது ஐம்பது வருஷம் வாழும், சாவிக்கொத்துச் சத்தம் ஆகாது, ஆப்பிள் கொடுக்கலாம், அதன் விதை கூடாது, தனியாக விட்டால் தன் இறகைத் தானே பிய்த்துக்கொள்ளும் என்று வரிசையாகச் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் குரல் கம்மிக்கொண்டே போயிற்றாம்.

கிளி டோக்கனை ஒரு கண்ணால் பார்த்தது. திரும்பி மறுகண்ணால் பார்த்தது. பிறகு கம்பி ஓரமாக நகர்ந்து வந்து, தலையைக் குனிந்து, பிடரியைக் காட்டிக்கொண்டு நின்றது. சொறிந்துவிடச் சொல்கிறது என்றார் சூப்பர்வைசர். இவள் விரலை விட்டாள். இறகுக்குள் சூடாக, வெந்நீர்ப்பையைத் தொட்ட மாதிரி இருந்ததாம். கிளி கண்ணை மூடிக்கொண்டது. அவ்வளவுதான். போனவள் அதன் வலையில் விழுந்துவிட்டாள். வீட்டுக்காரர் விரலை நீட்டியபோது கடித்துவிட்டது. அதில் அவளுக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

காலேஜ் திறக்கும் வரைக்கும் வைத்துப் பார்ப்பது, ஒத்துவராவிட்டால் திருப்பிக் கொடுப்பது என்று பேசிக் கூண்டோடு கொண்டுவந்தார்கள்.

அந்தக் கொஞ்ச நாளைச் சொல்லத்தான் வேண்டும். அவள் ஜன்னலோரம் மேஜை போட்டுப் பழைய பாடங்களைத் திரும்பப் படிப்பாள். கிளி நாற்காலி முதுகில் உட்கார்ந்து புத்தகத்தின் மூலையை ஒவ்வொன்றாகக் கிழிக்கும். போன் மணி போலவே கூவும். இவள் எழுந்து ஓடினால், "ஹலோ… ம்… ம்… சரி, வச்சிடறேன்" என்று சூப்பர்வைசர் குரலில் பேசி முடித்துவிடும். இவள் சிரிப்பது இங்கே கேட்கும். தனியாக ஒருத்தி அவ்வளவு சிரித்து நான் கேட்டதில்லை. ஆனால் அறையைவிட்டு வெளியே போனால் போச்சு. குளிக்கப் போனாலும் கத்தும், மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போனாலும் கத்தும். இரும்புக் கம்பியை அறுக்கிற சத்தம். அவள் ஈரத்தலையோடு ஓடி வந்து, "இருக்கேன்டா, இங்கதான் இருக்கேன்" என்பாள். பிறகு தன் மேலேயே எரிச்சல்பட்டுக்கொண்டு, "இருக்கேனா நான்? எத்தனை நாளைக்கு இருக்கேன்?" என்று அதையே கேட்பாள்.

வீட்டுக்காரர் தினமும் வேலை முடிந்து வந்து இருவரையும் பார்ப்பார். ஒன்றும் சொல்லமாட்டார். ஆனால் அவர் விசில் அடித்துக்கொண்டு மாடி ஏறியதை அந்த நாட்களில்தான் கேட்டேன்.

சான்றிதழ் சரிபார்க்கக் கல்லூரிக்கு நேரில் வரச்சொல்லியிருந்தார்கள். ஊரின் மறுகோடி, இரண்டு பஸ் மாற வேண்டும். ஒரு பகல் முழுக்க ஆகும். "நான் லீவு போட்டுப் பாத்துக்கறேன், நீ நிம்மதியா போயிட்டு வா" என்றார் அவர். அவளுக்கு நம்பவே முடியவில்லை. நல்ல புடவை கட்டிக்கொண்டு, என்னிடமும் சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போய்க் கொஞ்ச நேரத்தில் அங்கே போன் அடித்தது. கிளியா போனா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு வீட்டுக்காரர் செருப்பு மாட்டும் சத்தம், கதவு பூட்டும் சத்தம், படியில் இறங்கும் சத்தம். பால் வாங்கப் போகிறார் என்று நினைத்தேன். வரவில்லை.

கிளி ஆரம்பித்தது. முதலில் போன் மணி. பிறகு ஹலோ. யாரும் வராததால் அந்த அறுக்கிற சத்தம். விட்டு விட்டு, விட்டு விட்டு. கீழ்வீட்டுக்காரர், மேல்வீட்டுக்காரர் எல்லாரும் கதவுக்கு முன்னால் வந்து நின்றார்கள். என்னிடம் சாவி இல்லை. சுவரைத் தட்டிச் "சும்மா இரு சார், சும்மா இரு" என்றேன். சார் எங்கே கேட்கிறார்? ஆத்திரத்தில் போய் மெஷினில் உட்கார்ந்து ஓட்டினேன். மெஷின் சத்தம் கேட்டதும் கிளி கத்துவதை நிறுத்தியது. நான் நிறுத்தியதும் திரும்பக் கத்தியது. அப்புறம் என்ன செய்ய? தைக்க வேண்டியதெல்லாம் தைத்தபிறகும், துணி இல்லாமலே மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தேன். கால் மரத்துப்போயிற்று. இடையில் துணி வாங்க வந்த ஒரு அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

டோக்கன் திரும்பி வந்தபோது கதவு முன்னால் கூட்டம். உள்ளே போனாள். நானும் கூடவே போனேன். கூண்டுக்கு அடியில் சாம்பல் நிறப் பஞ்சு மாதிரி இறகு கிடந்தது. கிளியின் நெஞ்சில் ஓரிடம் வெறும் தோல். இளஞ்சிவப்பாக, முளைத்த பல்லுக்குப் பக்கத்து ஈறு மாதிரி இருந்தது. அவள் பையைக் கீழே போடாமலே கூண்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்காரர் பின்னாலேயே வந்து சேர்ந்தார், கையெல்லாம் கிரீஸ். "லிஃப்ட் நடுவுல நின்னுடுச்சு. உள்ள ஒரு பொம்பளை, கைக்குழந்தையோட. வேற ஆள் இல்ல. நான் போய்த்தான் ஆகணும்" என்றார். அது நியாயம்தான். யாரும் அதைத் தப்புச் சொல்ல முடியாது. அதோடு நிறுத்தியிருக்கலாம். கிளியைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "பாத்தியா, நீ இல்லாம இதுக்கு ஆகாது" என்றார்.

அவள் மெதுவாகத் திரும்பினாள்.

"பக்கத்துல அக்கா இருந்தாங்கல்ல?"

அவர் கையிலிருந்த கிரீஸைப் பார்த்தார்.

"கதவைத் தட்டி, சாவியைக் கொடுத்து, ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? இந்த வீட்டுக் கதவுக்கும் அந்த வீட்டுக் கதவுக்கும் எவ்வளவு தூரம்?"

"அவசரத்துல தோணல."

"தோணலையா? கதவைப் பூட்டணும்னு தோணுச்சில்ல?" அவள் குரல் உயரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "ஏங்க, நான் காலேஜ் போறது உங்களுக்குப் பிடிக்கலையா? வாயைத் தொறந்து சொல்லுங்க. உன் இஷ்டம்னு மட்டும் சொல்லிடாதீங்க, நான் என்ன செய்வேன்னு எனக்கே தெரியாது."

நான் நழுவப் பார்த்தேன். "நீங்க இருங்கக்கா" என்றாள். நின்றேன்.

அவர் கையைத் துடைத்தார். துடைத்த கையையே திரும்பத் துடைத்தார். பிறகு, "நான் நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள்ள நிக்கிறவன். டார்ச் வெளிச்சத்துல வேலை. வீட்டுக்கு வந்தா லைட் எரியும், நீ கதவைத் தொறப்ப. இத்தனை வருஷமா அப்படித்தான். இனிமே நீ எனக்குப் பின்னாலதான் வருவ. நானே பூட்டைத் தொறந்து, இருட்டுக்குள்ள போய், ஸ்விட்சைத் தேடணும்…" என்று நிறுத்தினார். "கிளி இருந்தா நீ இருப்பன்னு நெனச்சேன். பொய் சொல்லல. நீ ஆசைப்பட்டதும் ஞாபகம் இருந்துச்சு. ரெண்டும்தான்."

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல? சண்டை போட்டிருப்பேன். போட்டு முடிச்சிருப்போம். இப்போ பாருங்க." கூண்டைக் காட்டினாள். "நமக்கு நடுவுல இதைக் கொண்டாந்து வச்சு, இது தோலைப் பிய்ச்சுக்கிட்டு நிக்குது. நான் கேட்டப்போ எல்லாம் கொடுக்கல. கொடுத்தா, இப்படியா கொடுப்பாங்க?"

அவள் அழுதாள். கிளி போன் மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை.

மறுநாள் அவள் முடிவெடுத்துவிட்டாள். கிளி வேண்டாம். சொல்லும்போது பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். சூப்பர்வைசருக்குப் போன் போட்டாள். அவருக்குப் பயணம் நெருங்கிவிட்டது. வேறு நல்ல வீடு கிடைக்கவில்லை, பறவை விற்கிற கடைக்குத்தான் கொடுக்க வேண்டும் என்றார். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தாலாவது தேவலை என்றாள்.

கடை என்றதும் இவளுக்குப் பொறுக்கவில்லை. நாத்தனாரைக் கேட்டாள். "என் வீட்டுக்கா? ஐயோ அண்ணி, சோபா என்னத்துக்கு ஆகும்? எச்சம் போடுமே!" என்றாள் நாத்தனார். "தனிமைக்கு நல்லதுன்னீங்களே?" என்று இவள் கேட்டதற்கு, "எனக்கு என்ன தனிமை? டிவி இருக்கே" என்று பதில் வந்தது. அன்றைக்கு டோக்கன் என் வீட்டில் வந்து சிரித்த சிரிப்பு நல்ல சிரிப்பு இல்லை.

அப்போதுதான் நான், "இங்க இருக்கட்டுமே" என்றேன். எனக்குக் கிளி மேல் ஆசை எல்லாம் இல்லை. பறவை, மிருகம் எதையும் வீட்டுக்குள் விட்டவள் இல்லை நான். ஆனால் நான் எப்படியும் பகலெல்லாம் வீட்டில் இருப்பவள், மெஷினும் எப்படியும் ஓடும். கணக்கு நேராகத்தானே இருக்கிறது?

அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். முகம் கறுத்துவிட்டது. "அப்போ எல்லாரும் வச்சுக்கலாம். நான் ஒருத்திதான் வேணாம்னு தள்ளினவளா?"

"அடியே, உனக்காகத்தானே சொல்றேன்."

"தெரியுதுக்கா. தெரிஞ்சும் எரியுது. என்ன பண்ணச் சொல்றீங்க?"

சூப்பர்வைசர் வந்து பார்த்தார். மெஷினுக்குப் பக்கத்தில் கூண்டை வைத்து, கிளி அமைதியாக இருப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா இருங்க சார்" என்று கூண்டைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டார்.

கல்லூரி திறந்தது. டோக்கன் விடியற்காலையே எழுந்து சமைத்து வைத்துவிட்டு, அவள் மகளைவிடச் சின்னப் பிள்ளைகளோடு போய் உட்கார்ந்தாள். முதல் வாரம் தினமும் கடுகடுவென்றுதான் திரும்பி வந்தாள். வாத்தியார் பலகையைப் பார்த்தே பேசுகிறார், பெஞ்சு இடுப்பைப் பிடுங்குகிறது, பிள்ளைகள் ஆன்ட்டி என்கிறார்கள், எழுதுகிற வேகம் அவளுக்கு வரவில்லை. வந்தவுடன் தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் கிளியைப் பார்க்க என் வீட்டுக்கு வருவாள். ஆரம்பத்தில் அது ஓடி வந்து பிடரியைக் கொடுத்தது. போகப்போக ஒரு கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ள ஆரம்பித்தது. நான் நூல் கோத்தால் என் தோளுக்கு வந்து உட்காரும். அவள் விரலை நீட்டினால் முதுகைக் காட்டும். "கோவிச்சுக்கிட்டான்" என்பாள். கோபமெல்லாம் இல்லை, பகலில் யார் இருக்கிறார்களோ அவர்கள் பக்கம் சாய்வதுதான் அதன் சுபாவம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லாமலே அவளுக்கும் தெரியும். ஆப்பிள் துண்டைக் கம்பியில் செருகிவிட்டுப் போய்விடுவாள். நெஞ்சில் இறகு திரும்ப முளைத்துவிட்டது. அதை மட்டும் தினமும் குனிந்து பார்ப்பாள்.

வீட்டுக்காரர் கதை தனி. அவர் வேலை முடிந்து வந்தால் கதவைத் திறப்பதில்லை. மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிடுவார். ஒரு நாள் கேட்டேவிட்டேன். "தம்பி, சாவி இல்லையா?"

"இருக்குக்கா."

"அப்புறம்?"

"இங்க காத்து வருது."

எங்கள் மாடிப்படியில் காற்று வந்து நான் பார்த்ததில்லை. டோக்கன் வந்து, அவரைத் தாண்டிப் போய்க் கதவைத் திறப்பாள். பின்னாலேயே எழுந்து போவார். அவளுக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். "சின்னக் குழந்தையா நீங்க?" என்பாள். அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே உள்ளே போவார். ஆனால் "உன் இஷ்டம்" என்று மட்டும் அவர் வாயிலிருந்து வருவதில்லை. ஒரு நாள் "நீ லேட்டா வந்தது எனக்குக் கோபம்" என்று முழுசாகச் சொன்னாராம். அதை அவள் என்னிடம் பெருமையாகச் சொன்னாள். பிறகு பெருமைப்பட்டதற்கு எரிச்சல்பட்டாள்.

போன வாரம் ஒரு சாயங்காலம் அவள் படியேறி வரும்போதே புலம்பிக்கொண்டு வந்தாள். அன்றைக்கு வகுப்பில் என்னமோ நடத்தியிருக்கிறார்கள், பாதி புரிந்து பாதி புரியவில்லை. அவர் படியில் உட்கார்ந்திருந்தார். நான் பட்டனுக்குக் காஜா எடுத்துக்கொண்டு வாசலில் இருந்தேன்.

"என்னாச்சு?" என்றார் அவர்.

"உங்களுக்குச் சொன்னாப் புரியாது."

"சொல்லிப் பாரேன்."

"ஒரு இடத்துக்குப் போகணும். முதல்ல பாதி தூரம் போறோம். அப்புறம் மீதியில பாதி. அப்புறம் அதுல பாதி. இப்படியே போனா கிட்ட கிட்டப் போயிட்டே இருப்போம், ஆனா எந்த அடியிலயும் போய்ச் சேரமாட்டோம். ஆனா மொத்தமாக் கூட்டினா சரியா அந்த இடம்தான் வருதுங்கிறாரு. அது எப்படி?"

அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தார். "லிஃப்ட் அப்படி நின்னா என் வேலை போயிடும்" என்றார்.

"இது லிஃப்ட் இல்லங்க!"

"சரி. ஆனா ஆளு எப்ப இறங்குவான்?"

"அதைத்தானே நானும் கேக்குறேன்!" என்று பையைப் படியில் பொத்தென்று வைத்துவிட்டு, அவருக்கு ஒரு படி கீழே உட்கார்ந்தாள். நோட்டை எடுத்து அவர் முழங்காலில் விரித்து, கோடு போட ஆரம்பித்தாள். அவர் ஏதோ கேட்டார். "ஐயோ, அது அப்படி இல்ல, மறுபடியும் பாருங்க" என்று திட்டினாள். மாடிப்படி விளக்கு கொஞ்ச நேரத்தில் தானாக அணைகிற விளக்கு. அணைந்ததும் அவர் எழுந்து போய் அழுத்திவிட்டு வந்து திரும்ப உட்கார்ந்தார். நான் காஜாவை முடித்து, நூலை அறுத்துவிட்டு உள்ளே போனேன். அவள் இன்னும் திட்டிக்கொண்டிருந்தாள்.